முதுகால் தாங்கிய வால்பேப்பர்

ஈரோட்டிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் எங்கள் ஹாலில் உட்கார்ந்து மிக்சர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றிருந்தேன். மரியாதைக்காக அல்ல. நான் நகர்ந்தால் சுவர் கழன்று விழுந்துவிடும்.

சுவர் என்றால் செங்கல் சுவர் அல்ல, அதன்மேல் ஒட்டியிருந்த வால்பேப்பர். என் முதுகுக்குப் பின்னால் அது பூரி மாதிரி மெல்ல உப்பிக்கொண்டிருந்தது. ஜாக்கெட்டின் பின்பக்கம் சில்லென்று நனைந்தது. மைதாப் பசை புளித்தால் ஒரு வாடை வருமே, அது நான் தலையில் வைத்திருந்த மல்லிகையையும் மீறி வந்தது.

"ஏனுங்க அம்மணி, நீங்க மட்டும் நின்னுட்டே இருக்கறீங்க? இப்படி வந்து உக்காருங்க" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"இருக்கட்டுங்க. நின்னே பழகிப்போச்சுங்க" என்றேன்.

நான் பள்ளிக்கூட ஆசிரியை. அதனால் அந்தப் பொய் எடுபட்டது. எதிர் நாற்காலியில் இருந்த என் வீட்டுக்காரர் கண்ணாலேயே எனக்கு நன்றி சொன்னார். அந்த நன்றியைப் பார்த்ததும் எனக்கு இன்னும் எரிச்சல்தான் வந்தது.

இந்த அத்தியாயத்தை எழுதலாமா என்று என் நாத்தனார் கலாமணியிடம் முதலிலேயே கேட்டுவிட்டேன். "தாராளமா எழுதுங்க நங்கை. அண்ணனை மட்டும் ரொம்பத் திட்டாதீங்க" என்றாள். எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்று கூப்பிடுவார்கள். அவள் சொன்னதில் முதல் பாதியை நிறைவேற்றுவது சுலபம். இரண்டாம் பாதிக்கு முயற்சி செய்கிறேன்.

பெங்களூரில் தடவிப் பார்த்த சுவர்

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் பெரியநாயக்கன்பாளையத்தில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து அங்கே ஒரு சின்ன லேத் பட்டறை வைத்திருந்தார். தண்ணீர் மோட்டாருக்கு வேண்டிய உதிரிப் பாகங்கள் கடைந்து கொடுப்பார். பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. ஒரு ஹால், இரண்டு அறை, ஒரு சமையலறை. ஹாலின் மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை.

ஒருமுறை ஆர்டர் விஷயமாக ஒரு கம்பெனியாரைப் பார்க்க பெங்களூர் போனார். அவர்கள் ஒரு நல்ல ஓட்டலில் ரூம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். திரும்பி வந்தவரிடம் ஆர்டர் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அந்த ரூம்ல சுவரெல்லாம் காயிதம் ஒட்டியிருக்குது புள்ள. கையில தடவிப் பாத்தேன். பட்டாட்டம் இருக்குது."

"ஆர்டர் என்னங்க ஆச்சு?"

"அது வருமுங்கறாங்க. சுண்ணாம்பு இல்ல, டிஸ்டம்பர் இல்ல, ஒரு வாடை இல்ல. ஒட்டுனா முடிஞ்சுது சோலி."

ஆர்டர் வரவே இல்லை. அந்தச் சுவர் மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அதற்கு முன்னால் எங்கள் சுவர்களின் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் பொங்கலுக்குப் பொங்கல் நீலம் கலந்த சுண்ணாம்பு அடிப்போம். சாய்ந்து உட்கார்ந்து எழுந்தால் முதுகெல்லாம் வெள்ளை. பிறகு டிஸ்டம்பர் காலம் வந்தது. இவர் ஒரு பச்சையைத் தேர்ந்தெடுத்தார். அடித்து முடித்ததும் ஹால், ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கக் காத்திருக்கும் இடம் மாதிரி ஆகிவிட்டது. வந்தவர்கள் எல்லாம் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள்.

அந்தப் பச்சையில்தான் ஓதம் அடித்தது. குளியலறைக் குழாய் சுவருக்குள் எங்கேயோ கசிந்துகொண்டிருந்தது. முதலில் தோசை அளவுக்கு ஓர் ஈரவட்டம். அப்புறம் அது மேலே ஏறியது. பெயின்ட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, உள்ளே கறுப்புப் பூசணம் தெரிந்தது. தினமும் காலையில் நான் கூட்டும்போது துடைப்பத்தில் பச்சைத் தூள் வரும்.

"பைப்பை மாத்துங்க" என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்தது.

"மாத்தோணும்னா சுவரை ஒடைக்கோணும். கல்யாணப் பேச்சு நடக்கற ஊட்டுல சுவரை ஒடைக்கறது ஆகாது புள்ள."

மற்ற நாளில் சகுனம், சாஸ்திரம் எதையும் நம்பாத மனிதர் அவர். ராகு காலத்தில் லேத்தை ஓட்டுவார். குழாய் விஷயத்தில் மட்டும் எப்படித்தான் அவ்வளவு பக்தி வந்ததோ.

கல்யாணப் பேச்சு

கல்யாணப் பேச்சு கலாமணிக்கு. என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. மாமனாரும் மாமியாரும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அவளைப் படிக்க வைத்தது, லேப் டெக்னீசியன் வேலைக்குச் சேர்த்துவிட்டது எல்லாம் அண்ணன்தான். கோவையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை. காலையில் மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் பஸ்ஸில் ஏறிப் போவாள். கூட்டத்தில் நசுங்கித் திரும்பி வருவாள். வந்ததும் வராததுமாக என்னிடம் காப்பி கேட்டு, குடித்துக்கொண்டே அன்றைக்கு நடந்ததையெல்லாம் கொட்டிவிடுவாள்.

கல்லூரியில் படிக்கும்போது அவளுடைய இடது கையில் ஒரு வெண்புள்ளி வந்தது. பொட்டு அளவில் தொடங்கியது, மெல்லப் பரவி முழங்கையைத் தாண்டி இறங்கியது. டாக்டர்கள் பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். தொட்டால் ஒட்டாது, உடம்புக்கு எந்தக் கெடுதலும் இல்லை, தோல் நிறம் மாறுகிறது, அவ்வளவுதான். தெருவில் யாராவது அதை வெண்குஷ்டம் என்றால் கலாமணிக்குச் சுர்ரென்று கோபம் வரும். "இது குஷ்டமே இல்லீங்க்கா. பேரை மாத்திச் சொல்லாதீங்க" என்று நின்ற இடத்திலேயே பாடம் எடுப்பாள்.

அவளுக்கு அதை மறைக்கிற எண்ணமே இல்லை. ஆஸ்பத்திரிக்கு அரைக்கை ஜாக்கெட்தான் போட்டுக்கொண்டு போவாள். பெண் பார்க்க ஆட்கள் வரும் நாளில் மட்டும் அண்ணனுக்காக முக்கால் கை.

அண்ணனுக்கும் ஒரு காரணம் இருந்தது. முதலில் வந்த ஒரு வரனிடம் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொன்னோம். அவர்கள் வரவே இல்லை. அடுத்த வரனிடம் சொல்லவில்லை. வந்தார்கள், பிடித்திருக்கிறது என்றார்கள். பிறகு அக்கம்பக்கத்தில் விசாரித்துத் தெரிந்துகொண்டு, தரகர் வாயால் கேட்கக்கூடாத பேச்செல்லாம் பேசிவிட்டு ஒதுங்கினார்கள். இந்த இரண்டிலிருந்தும் அண்ணன் ஒரு பாடம் கற்றார், தங்கை வேறொரு பாடம் கற்றாள்.

"பேச்சு நெருங்கி வரட்டும். நிச்சயத்துக்கு முன்னாடி நானே பக்குவமாச் சொல்லிக்கறேன்" என்பார் அவர்.

"மொதல்லயே சொல்லிப்போடுங்கண்ணா. அப்பறம் சொன்னா ஏமாத்துன கணக்காயிருமுங்க" என்பாள் அவள்.

நான் கலாமணி பக்கம். அதை வெளிப்படையாகச் சொல்லவும் செய்தேன். "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்று எங்கள் இருவரையும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார். சாப்பாட்டு நேரமெல்லாம் இதே பேச்சு. ரசம் ஆறிப்போகும், பேச்சு மட்டும் முடியாது.

இந்த நிலையில்தான் ஈரோட்டிலிருந்து வரன் வந்தது. ஜவுளி வியாபாரக் குடும்பம், ஒரே பையன். இவர் ஹாலை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். ஓதச் சுவரில் வந்து பார்வை நின்றது. அடுத்த வாரமே பெங்களூருக்கு பஸ் ஏறினார்.

பசைச்சட்டியோடு ஒரு ஞாயிறு

பாய் மாதிரி சுருட்டிய காகிதக் கட்டுகளைத் தோளில் சுமந்துகொண்டு வந்து இறங்கினார். ஒன்றைப் பிரித்துத் தரையில் விரித்தோம். வெளிர் மஞ்சள் பின்னணியில் பெரிய பெரிய ஊதாப் பூக்கள், நடுநடுவே சாம்பல் நிற இலைகள். கடையில் உள்ளங்கை அளவு துண்டைக் காட்டியிருப்பான் போல. உள்ளங்கையில் ஒரு பூவின் ஓரம் மட்டும்தானே தெரியும்.

"எப்படி இருக்குது?" என்று கேட்டார்.

கலாமணி, "நெறையப் பூ இருக்குதுங்கண்ணா" என்றாள். இதைவிட இதமாக எதைச் சொல்வது?

ஒட்டுவதற்கு ஆள் கிடைக்கவில்லை. கோவையிலேயே அந்த வேலை தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்ற காலம். பெயின்டரைக் கேட்டால், "அது கார்பென்டர் சோலிங்க" என்றார். கார்பென்டரைக் கேட்டால் பெயின்டரைக் கைகாட்டினார். கடைசியில் இவர் சினிமா போஸ்டர் ஒட்டுகிற மாரப்பனைக் கூட்டிவந்தார். காகிதம், பசை, சுவர் மூன்றும் ஒன்றாகச் சேர்கிற தொழில் அது ஒன்றுதான் என்பது இவருடைய கணக்கு.

மாரப்பன் வாளியில் பசையோடு வந்தார். சுவரில் பசை பூசினார், காகிதத்தை அறைந்து ஒட்டினார். அதே கையோடு துடைப்பத்தைப் பசையில் முக்கி, காகிதத்தின் முகத்திலும் ஒரு இழுப்பு இழுத்தார். போஸ்டருக்கு அப்படித்தான், மேலேயும் பூசினால்தான் கிழியாமல் நிற்கும்.

"அய்யோ, மூஞ்சியில பூசாதீங்கய்யா!" என்று இவர் கத்தினார்.

"பூசுலீன்னா மாடு இழுத்துப்போடுமுங்க" என்றார் மாரப்பன் அமைதியாக.

எங்கள் ஹாலுக்குள் மாடு எப்படி வரும் என்று அவரும் யோசிக்கவில்லை, இவரும் விளக்கவில்லை. முதல் துண்டு பாழ். மாரப்பனுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, இவரே களத்தில் இறங்கினார்.

மைதாவில் பசை கிண்டுவது என் தலையில் விழுந்தது. கரப்பான் அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். போட்டதும் பசை நீலமாக மாறியது. சமைக்கிற அடுப்பில் நஞ்சைக் கிண்டுகிறோமே என்ற பயத்தில் அந்தப் பாத்திரத்தை அன்றைக்கே பழைய இரும்புக்காரருக்கு எடுத்து வைத்தேன். அது என் அம்மா வீட்டுச் சீர் குண்டா. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆற்றாமைதான்.

ஒரு ஞாயிறு முழுக்க ஒட்டினார். ஸ்டூல் மேல் அவர், ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நான், காகிதத்தின் அடிநுனியைப் பிடித்துக்கொண்டு கலாமணி. மின்விசிறியைப் போட்டால் காகிதம் பறக்கிறது, நிறுத்தினால் வியர்வை பசையில் சொட்டுகிறது. பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் சேருகிற இடத்தில் பூ பொருந்தவில்லை. அரைப் பூவுக்குப் பக்கத்தில் அரை இலை. நான் சுட்டிக்காட்டினேன்.

"தள்ளி நின்னு பாத்தா தெரியாது புள்ள."

தள்ளி நிற்க வேண்டுமென்றால் எங்கள் ஹாலில் வாசலுக்கு வெளியே போய் ரோட்டில்தான் நிற்க வேண்டும்.

நாலு சுவருக்கும் வாங்கியதாக நினைத்தது, நான்காவது சுவரின் பாதியிலேயே தீர்ந்துபோனது. மீதியை மறைக்க அறையிலிருந்த இரும்பு பீரோவை ஹாலுக்குத் தள்ளினார். மாமனார் மாமியார் படங்களை மாட்ட ஆணி அடிக்கக்கூடாது என்று தடை போட்டார், காகிதம் கிழிந்துவிடுமாம். படங்கள் பீரோ மேல் மல்லாந்து படுத்தன.

"அப்பாவும் அம்மாவும் ஒட்டடையைப் பாத்துட்டுக் கெடக்கறாங்க நங்கை" என்றாள் கலாமணி.

அந்த ஓதச் சுவருக்கும் ஒட்டினார். பூசணத்தைச் சுரண்டாமல், குழாயைத் தொடாமல், அதன் மேலேயே. "காத்துப் புகாம மூடிட்டா தானா காஞ்சுபோகும்" என்றார். மெட்ராஸ்காரர்கள் வியக்கும் அளவுக்கு நுணுக்கமாக இரும்பைக் கடைகிற மனிதர், ஈரம் எப்படிக் காயும் என்பதில் இப்படியொரு கருத்து வைத்திருந்தார். நான் வாதாடினேன். அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

ஈரோட்டார் வந்த காலை

அன்றைக்கு விடிந்ததிலிருந்து குளியலறை ஓயவில்லை. நாங்கள் மூவரும் குளித்தோம். ஒத்தாசைக்கு வந்த சொந்தக்கார ஒறம்பரைப் பெண்கள் குளித்தார்கள். பாத்திரங்களும் அங்கேயே கழுவப்பட்டன. குழாய் முழு வேகத்தில் ஓடியது. விருந்தாளிகளின் கார் வாசலில் நின்ற நேரத்தில், மேற்குச் சுவரில் ஒரு பூ மட்டும் மற்ற பூக்களைவிட வெளியே தள்ளிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன்.

இவரிடம் காட்டினேன். முகம் வெளுத்துப்போனது.

"அம்மணி, நீ சத்தங்காட்டாம பொட்டாட்ட அங்க போயி நின்னுக்க. அவங்க போற வரைக்கும். என்ற கண்ணல்ல."

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் என்னைக் கண்ணு என்று சொன்னது அபூர்வம். அதற்காகப் போய் நின்றேன் என்று எழுத ஆசைதான். வேறு வழியில்லாமல் போய் நின்றேன்.

மாப்பிள்ளை, அவருடைய அம்மா, மாமா ஒருவர். அப்பா இல்லை. அந்த அம்மா நல்ல பேச்சுக்காரர், கடையைக் கவனிப்பதே அவர்தான் என்று பார்த்தவுடனே தெரிந்தது. உட்கார்ந்ததும் சுவர்களைத்தான் பார்த்தார்.

"காயிதமுங்களா இது?"

"வால்பேப்பருங்க. பெங்களூர்ல இருந்து வரவழைச்சதுங்க" என்றார் இவர், நாற்காலி நுனிக்கு வந்து.

"அதுதானே பாத்தேன். எங்க கடையில இதே டிசைன்ல நைட்டி நல்லா ஓடுதுங்க."

இவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு தலையாட்டினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்தால் முதுகு குலுங்கும், குலுங்கினால் சுவர் வரும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

காப்பித் தட்டோடு கலாமணி வந்தாள். அரக்கு நிறச் சேலை, முக்கால் கை ஜாக்கெட். எல்லோருக்கும் கொடுத்தாள். மாப்பிள்ளை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். அந்த அம்மா அவளை உட்காரச் சொல்லி, எந்த ஆஸ்பத்திரி, என்ன வேலை, பஸ்ஸில் போய்வர எவ்வளவு நேரமாகிறது என்றெல்லாம் பிரியமாகக் கேட்டார். கலாமணியும் வெட்கப்படாமல் பதில் சொன்னாள். பேச்சு நன்றாகவே போனது. இவர் முகத்தில் ரத்தம் திரும்ப வந்தது.

அப்போதுதான் அந்த அம்மா எழுந்தார். துணிக்காரர்கள் எதையும் தொட்டுப் பார்க்காமல் விடமாட்டார்கள். நேராக என்னிடம் வந்து, என் தோளுக்குப் பக்கத்தில் காகிதத்தை இரு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"சித்தெ நகருங்க அம்மணி, இந்தப் பக்கம் கொஞ்சம் ஈரமாட்ட இருக்குது."

வீட்டுக்கு வந்த விருந்தாளி சொல்லும்போது நகராமல் எப்படி நிற்பது? இவரைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் நகர்ந்தேன்.

சத்தமே இல்லாமல்தான் அது நடந்தது. மேலே கூரையோரத்தில் காகிதம் முதலில் ஒரு நாக்கை நீட்டியது. பிறகு முழுத் துண்டும் தன் கனம் தாங்காமல் மடங்கி இறங்கி, அந்த அம்மாவின் தோளில் ஈரத்துண்டு மாதிரி போர்த்திக்கொண்டது. பக்கத்துத் துண்டும் கூடவே வந்தது. பின்னால் பூசணம் பிடித்த கறுப்புச் சுவர், நீலப் பசை வழிந்த கோடுகளோடு.

"அட கெரகமே" என்று மாமாக்காரர் எழுந்துவிட்டார். நான் ஓடிப்போய்க் காகிதத்தை எடுத்தேன். அந்த அம்மாவின் பட்டுச்சேலையில் பசை. "தப்பா நெனைச்சுக்காதீங்க, பசை புதுசுங்க, அதுதானுங்க" என்று இவர் என்னென்னவோ உளறினார்.

அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. சேலையை உதறிக்கொண்டே சிரித்துவிட்டார்.

"அட உடுங்க. எங்கூட்டுலயும் ஓதம் அடிக்குது. நாங்க பீரோவை வெச்சு மறைச்சிருக்கறோம்." எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் சகஜமாகி, விளையாட்டாகவே கேட்டார்: "வேற எதாச்சும் மூடி வெச்சிருந்தீங்கன்னா அதையும் இப்பவே காட்டிப்போடுங்க!"

மறுபடி சிரிப்பு. கலாமணி மட்டும் சிரிக்கவில்லை. அண்ணனைப் பார்த்தாள். அவர் வேகமாகத் தலையசைத்தார், வேண்டாம் என்று.

அவள் காலித் தட்டை டீப்பாயில் வைத்துவிட்டு, ஜாக்கெட்டின் இடது கையை முழங்கைக்கு மேலே இழுத்துவிட்டாள்.

"இது இருக்குதுங்கம்மா. காலேஜ்ல படிக்கறப்ப வந்துச்சு. தொட்டா ஒட்டாதுங்க. இன்னும் பரவலாம், இப்படியே நிக்கவும் செய்யலாம், யாராலயும் சொல்ல முடியாதுங்க. அண்ணன் இதைச் சொல்றதுக்கு நல்ல நேரம் பாத்துட்டு இருந்தாருங்க. எனக்கு இப்பச் சொல்லோணும்னு தோணுச்சு."

ஜாக்கெட் கையை மறுபடி கீழே இறக்கவில்லை.

மாமாக்காரர் மிக்சர் தட்டைப் பார்த்தார். மாப்பிள்ளை அவள் கையைப் பார்த்தார், அப்புறம் தன் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா மெல்ல வந்து நாற்காலியில் உட்கார்ந்து, மீதிக் காப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு, "சொன்னீங்க பாருங்க கண்ணு, அதுக்குச் சந்தோசம்" என்றார். அதில் பொய் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"கலந்து பேசிப்போட்டுத் தாக்கல் சொல்றோமுங்க."

வாசல்வரை போய் வழியனுப்பினோம். "வாரோமுங்க" "போய்ட்டு வாங்க" என்று வழக்கமான மரியாதைகளில் ஒன்றுகூடக் குறையவில்லை. அந்த வாரமே தரகர் மூலம் பதில் வந்தது. பொருத்தம் சரியாக அமையவில்லையாம். வேண்டாம் என்பதைக்கூட எங்கள் ஊரில் நாலு 'ங்க' போட்டு இவ்வளவு மென்மையாகச் சொல்வார்கள். யார்மேல் கோபப்படுவது என்றே தெரியாது. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரமாக இருந்தது.

சுரண்டல்

என் வீட்டுக்காரர் தங்கையோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சண்டை போடவில்லை, திட்டவில்லை. அவள் ஹாலுக்கு வந்தால் பட்டறைக்குப் போய்விடுவார். அவள் வேலைக்குப் போன பிறகு வந்து சாப்பிடுவார். அவளும் ஒன்றும் கேட்கவில்லை. நான் நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டு வேளைக்கு நான்கு வேளை சோறு பரிமாறினேன்.

சுவர் அப்படியே கிடந்தது. தொங்கிய காகிதத்தைக் கிழித்தெறியவும் அவருக்கு மனமில்லை. ஒருநாள் பள்ளியிலிருந்து வந்து பார்க்கிறேன், சமையலறையில் மைதாப் பையோடு நிற்கிறார்.

"என்னங்க இது?"

"மறுக்கா ஒட்டிப்போடலாம்னு..."

அத்தனை நாள் அடக்கியதெல்லாம் எனக்கு ஒரேயடியாக வந்துவிட்டது. "இன்னொருக்கா இந்த ஊட்டுல பசை கிண்டுனீங்கன்னா சட்டியோட உங்க தலையில கவுத்துப்போடுவேன். ஒண்ணு பைப்பை மாத்துங்க, இல்லீன்னா உங்க தங்கச்சிகூடப் பேசுங்க. ரெண்டுல ஒண்ணு இன்னைக்கு நடக்கோணும்" என்று கத்தினேன். பட்டறையில் லேத் நின்றுபோனது. ஆட்கள் காது கொடுத்துக் கேட்கிறார்கள் என்று தெரிந்தும் கத்தினேன்.

மைதாப் பையைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் அடுத்த ஞாயிறு குழாய் வேலைக்காரரை வரச் சொன்னார்.

சுவரை உடைப்பதற்கு முன்னால் காகிதத்தை உரிக்க வேண்டும். விருந்தாளி முன்னால் தானாக விழுந்த சனியன், உரிக்கப் போனால் வரமாட்டேன் என்று அடம் பிடித்தது. ஈரம்பட்ட இடம் போக மற்ற இடமெல்லாம் சிமென்ட்டோடு சிமென்ட்டாகிவிட்டது. வெந்நீர் ஊற்றி, பட்டறைத் தகடால் இவர் சுரண்டிக்கொண்டிருந்தார். ஒரு பூவை எடுக்கவே பாதி காலை போயிற்று.

கலாமணி அறையிலிருந்து வந்தாள். இன்னொரு தகடை எடுத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் நின்று சுரண்ட ஆரம்பித்தாள். அரைக்கை ஜாக்கெட். நான் வெந்நீர் கொண்டுவருவதும் போவதுமாக இருந்தேன்.

"உன்னைய வேண்டாம்னு ஒருத்தர் சொல்றதைக் காதுல கேக்க எனக்கு முடியறதில்ல கலா" என்றார் சுவரைப் பார்த்துக்கொண்டே. "அதுதான். வேற ஒண்ணுமில்ல."

"தெரியுமுங்கண்ணா. அதனாலதான் இத்தனை நாள் முக்கால் கை போட்டேன்" என்றாள். ஒரு இலையைச் சுரண்டிக்கொண்டே, "அவங்க வேண்டாம்னா எனக்கு ரெண்டு நாள் அழுகை வரும், அப்பறம் போயிரும். நீங்க மறைக்கறப்பத்தான், நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு தோணிட்டே இருக்குது" என்றாள்.

அவர் தகடைக் கீழே போட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். சுண்ணாம்புத் தூள் கண்ணில் விழுந்துவிட்டது என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

"இந்தப் பூவை எப்படித்தான் கடையில பாத்து எடுத்தீங்களோண்ணா" என்றாள் கலாமணி.

"கடைக்காரன் புது மாடலுன்னான்." அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

குழாய் மாற்றப்பட்டது. சுவர் உடைந்து, பூசி, வெறும் சிமென்ட் சாம்பலாக ரொம்ப நாள் நின்றது. எனக்கு அந்தச் சாம்பல் நிறம் பிடித்திருந்தது. யாருக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லத் தேவைப்படவில்லை.

ஒரு போன்

கலாமணிக்கு அதற்கப்புறம் ஒன்றிரண்டு வருஷம் கழித்துத்தான் கல்யாணம் நடந்தது. வால்பாறையில் ஒரு தேயிலைத் தோட்ட ஆபீசில் வேலை பார்ப்பவர். அவளும் அங்கேயே ஆஸ்பத்திரியில் வேலை தேடிக்கொண்டாள். புள்ளி இப்போது இரண்டு கையிலும் இருக்கிறது. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டே நாங்கள் வருஷத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். இந்தப் பயணங்கள் பற்றிய புலம்பலைத் தனியாக எழுதத்தான் வேண்டும்.

ஆனால் எனக்கு அந்தக் கல்யாணத்தைவிட மனதில் நிற்பது, அதற்கு முன்னால் வந்த ஒரு போன். சுவர் பூசி முடித்த சில நாட்களில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தரகர் கூப்பிட்டார், வேறொரு இடம் இருப்பதாக. கலாமணிக்கு அன்று விடுமுறை. ஹாலில் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். வழக்கமாகத் தரகர் பேசினால் இவர் போனைக் கையால் மறைத்துக்கொண்டு குசுகுசுப்பார். அன்றைக்கு எங்கள் பக்கம் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, பட்டறையில் லேத் சத்தத்துக்கு நடுவே பேசுகிற குரலில் பேசினார்.

"ஒண்ணு சொல்லோணுமுங்க. பொண்ணுக்குக் கையில வெண்புள்ளி இருக்குது. மொதல்ல அதைச் சொல்லிப்போடுங்க. படிப்பு, வேலையெல்லாம் அதுக்கப்பறம் சொல்லிக்கலாம்."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

"இல்லீங்க, கோவமெல்லாம் இல்லீங்க. எனக்கு வாயில வரமாட்டேங்குது. அதுதான் சத்தமாச் சொல்றேன்."

போனை வைத்த பிறகும் திரும்பாமல் அங்கேயே நின்றார். கலாமணி எழுந்து, இன்னொரு தட்டை எடுத்துவந்து தன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"வாங்கண்ணா, சோறு ஆறுது" என்றாள்.